ஈரம் ஏறிய வீடும் காப்புறுதிக் கடுதாசியும்

தோட்டத்தை விட்டு வெளியேறி, ஊழியர் சேமநிதிப் பணத்தைக் கொண்டு தாமானில் ஒரு வீடு வாங்கலாம் என்று எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருகின்றன. தோட்டம் துண்டாடப்பட்டாலும் சரி, கம்பெனி நிலத்தை வீடமைப்பாளருக்கு விற்றாலும் சரி, வேலை ஓய்வு வந்தாலும் சரி, லயன் வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் ஒன்று வரவே செய்கிறது. அன்று கையில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து ஆண்டு உழைப்பின் மிச்சம். அதை வைத்துப் புது வீட்டை நெருங்க முடியவில்லை. ஆகவே பழைய வீடு, அதிலும் மலிவான பழைய வீடு, அதிலும் ‘லேலோங்’ வீடு என்று தேடத் தொடங்குகிறோம். விலை ஏன் குறைந்தது என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. பல இடங்களில் அக்கேள்விக்கு விடை தண்ணீர்தான்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் வீட்டுக் கூரையில் ஏறி உதவிக்குக் காத்துக் கிடந்தார்கள். 2021 வெள்ளச் சேதத்தை நாடு முழுதும் கணக்கிட்ட புள்ளிவிவர இலாகா, மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி என்றும், அதில் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் 160 கோடி வெள்ளி என்றும் கூறியது. தண்ணீர் வடிந்தது. சேற்றை அள்ளினார்கள், சுவருக்குச் சாயம் அடித்தார்கள். அப்படிச் சாயம் அடித்த வீடுகள் பிற்பாடு விற்பனைக்கு வராமலா இருக்கும்? மலிவாக வருகிறபோது வாங்குகிறவர்கள் யார்? நம்மைப் போன்ற கையிருப்புக் குறைந்தவர்கள்தான்.

வாங்குகிறவர்களிடம் எச்சரிக்கை சொன்னால் ஒரே பதில் வருகிறது. “அதான் இன்சூரன்சு இருக்குல்ல அண்ணே, பேங்க்லயே போட்டுட்டாங்களே!” இந்தப் பதிலை நம்பித்தான் பலர் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை இன்று சற்று விரிவாகப் பார்ப்போம்.

வங்கியில் கடன் எடுக்கும்போது ‘இன்சூரன்சு’ என்ற ஒரே பெயரில் இரண்டு கடுதாசிகள் நம் கையில் வந்து விழுகின்றன. ஒன்று எம்.ஆர்.டி.ஏ. எனப்படுவது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக உடல் முடங்கிப் போனாலோ, மிச்சக் கடனை அது அடைக்கும். அது மனிதருக்கு உள்ள காப்புறுதி, சுவருக்கு உள்ளதல்ல. கூரை வரை தண்ணீர் ஏறினாலும் அதிலிருந்து ஒரு காசு வராது. இதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டிவிட்டு, வீட்டுக்குத்தான் கட்டினோம் என்று நினைத்திருப்பவர்களை நாம் எத்தனையோ பேர் சந்தித்திருக்கிறோம்.

மற்றது வீட்டுக் கட்டடத்துக்கான காப்புறுதி. அதிலும் இரண்டு வகை உண்டு. வெறும் தீ காப்புறுதி என்றால் தீ, இடி மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே. வெள்ளம் வேண்டுமானால் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ‘ஹவுஸ் ஓனர்’ என்று சொல்லப்படும் வீட்டுரிமையாளர் காப்புறுதியில்தான் வெள்ளம், புயல் காற்று, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுவது ஆகியவை வழக்கமாக அடங்கும். அதிலும் ஆரம்பத்தில் ஒரு தொகையை நாமே ஏற்க வேண்டியிருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கட்டில், பிரிட்ஜ், டி.வி. இவையெல்லாம் அதில் சேராது. அவற்றுக்கு ‘ஹவுஸ் ஹோல்டர்’ என்று தனிக் காப்புறுதி எடுக்க வேண்டும். உங்கள் கையில் இருப்பது எது? கடுதாசி ஆங்கிலத்தில் இருந்தால் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு முதல் பக்கத்தையாவது இன்றே படிக்கச் சொல்லுங்கள்.

சரி, வெள்ளமும் சேர்ந்த நல்ல காப்புறுதியே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும், வாங்கும்போதே ஈரம் ஏறியிருந்த வீட்டுக்கு அது உதவுமா என்பதுதான் கேள்வி.

காப்புறுதி என்பது திடீரென்று, எதிர்பாராமல் நேரும் விபத்துக்குத் தரப்படும் உத்தரவாதம். எடுப்பதற்கு முன்பே நேர்ந்துவிட்ட சேதத்துக்கு அது பணம் தராது. சிறிது சிறிதாகக் கசிந்து உளுத்துப் போனது, வருடக்கணக்கில் ஒழுகிச் சிலிங் தொங்கியது, தேய்மானம், நிலம் அமிழ்ந்து சுவர் வெடித்தது இவற்றையும் பொதுவாக விலக்கியே வைத்திருக்கிறார்கள். அதாவது, பழைய உரிமையாளர் காலத்தில் ஏறிய ஈரம் நம் கணக்கில்தான் விழும்.

இது படிக்க எளிது. ஆனால் நடப்பில் ஏற்படும் சங்கடமே வேறு. நாம் குடியேறிய பிறகு மெய்யாகவே ஒரு புது வெள்ளம் வருகிறது. பணம் கோருகிறோம். காப்புறுதிக் கழகம் ‘அட்ஜஸ்டர்’ என்ற சேத மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. அவர் வந்து எதைப் பார்க்கிறார்? கதவு நிலை ஊதியிருக்கிறது. அது இந்த வெள்ளத்தில் ஊதியதா, முந்திய வெள்ளத்தில் ஊதியதா? சுவரில் இரண்டு கறைக்கோடுகள் இருக்கின்றன, எது புதிது? கேட்டுக் கீலில் ஏறிய துரு மூன்று நாளில் ஏறியதா? சாயத்துக்குப் பின்னால் உப்புப் பூத்திருந்தால் அது நேற்றைய ஈரம் அல்ல என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். பழையதையும் புதியதையும் பிரித்துக் காட்ட நம்மிடம் ஆதாரம் இல்லை என்றால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்திலும் வெட்டு விழும். ‘இது ஏற்கெனவே இருந்த சேதம்’ என்று ஒரே வரியில் கடிதமும் வரும்.

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. தரை ஓடு, கதவுகள், மின்கம்பி வேலை என்று ஒரு வீட்டைச் சீர்செய்ய 20,000 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அது கிட்டத்தட்ட ஓர் ஆண்டுச் சம்பளம். சாப்பிடாமல், உடுத்தாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் சேர்க்க வேண்டிய ஓராண்டுச் சம்பளம்.

இனி விண்ணப்பப் பாரத்துக்கு வருவோம். தகராறு பெரும்பாலும் முளைப்பது இங்கேதான். ‘இந்த வீட்டில் முன்பு வெள்ளம் புகுந்ததுண்டா? சேதம் உண்டா?’ என்ற கேள்விகள் அதில் இருக்கும். முகவர் அவசரத்தில் இருப்பார். “ஒண்ணும் இல்லேண்ணு போட்டுடுறேன், நீங்க கீழே சைன் பண்ணுங்க” என்பார். நாமும் பெரட்டுக் களத்தில் செக்ரோலுக்குக் கைநாட்டு வைத்த பழக்கத்தில் போட்டுவிடுகிறோம். பிற்பாடு வெள்ளம் வந்து பணம் கோரும்போது அந்த ‘இல்லை’ நம் கழுத்தைப் பிடிக்கிறது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி, சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுக்கும் சாதாரண மனிதரின் கடமை, கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு உண்மையான பதில் சொல்வது. தக்காஃபுல் எடுத்தாலும் கதை இதுவே. தெரிந்தே பொய் சொன்னதாக நிலைநாட்டப்பட்டால் காப்புறுதியையே ரத்து செய்து, பணம் தர மறுக்கலாம். கவனக்குறைவால் தவறான பதில் போய்விட்டது என்றால், உண்மை தெரிந்திருந்தால் கழகம் என்ன செய்திருக்கும் என்று பார்ப்பார்கள். கூடுதல் சந்தா வாங்கியிருக்கும் என்றால், அந்த விகிதத்துக்கு ஏற்பக் கொடுக்கும் பணத்தைக் குறைப்பார்கள். காப்புறுதியே கொடுத்திருக்காது என்றால், கட்டிய சந்தாவைத் திருப்பித் தந்துவிட்டுக் கையை விரித்துவிடலாம்.

இதே அட்டவணையில் நமக்குச் சாதகமான ஓர் இடமும் உண்டு. அதைப் பற்றி யாரும் நம்மிடம் பேசுவதில்லை. கழகத்தின் அங்கீகாரம் பெற்ற முகவர், காப்புறுதி எடுத்துக் கொடுக்கும் வேளையில் கழகத்தின் ஆளாகவே கருதப்படுகிறார். அவருக்குத் தெரிந்தது கழகத்துக்குத் தெரிந்ததாகவே பொருள். ஈரச் சுவரை அவரிடம் காட்டியிருந்தால், கழகத்திடமே காட்டியதாகும். ஆனால் அவரோடு நாமும் சேர்ந்துகொண்டு மறைத்திருந்தால் இது செல்லாது. காட்டியதை நாளைக்கு நிரூபிக்கவும் வேண்டும். ஆகவே கைப்பேசியில் படம் எடுத்து, அதை முகவருக்கே அனுப்பி, ‘இந்தச் சுவரில் ஈரம் இருக்கிறது, பாரத்தில் எழுதுங்கள்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அனுப்பிய தேதியும் நேரமும் அதிலேயே விழுந்துவிடும்.

வீட்டின் பழைய கதை நமக்குத் தெரியாது என்றால் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது. ‘எனக்குத் தெரியாது, விற்பவர் இல்லை என்று சொன்னார்’ என்று எழுதுவதுதான் உண்மை. எழுத இடம் போதவில்லை என்றால் தனித் தாளில் எழுதி இணைக்கலாம். பாரத்தின் நகல் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை, யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்தால் வேறு முகவர் இருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் கழகம் சந்தாவை உயர்த்தும், வெள்ளத்தை விலக்கி வைக்கும், முதலில் கூரையைச் சரி செய்துவிட்டு வா என்று சொல்லும், சில சமயம் முடியாது என்றே சொல்லிவிடும். சொல்லட்டுமே! அந்தப் பதில் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வருவதுதான் நமக்கு வேண்டியது. வெள்ளத்துக்கு ஈடு தர ஒரு கழகமும் முன்வராத வீட்டை, வெள்ளக் கணக்கைப் பார்த்துப் பிழைக்கிறவனே ஒதுக்கிய வீட்டை, நாம் ஏன் ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்க வேண்டும்? நம் மக்கள் செய்வது தலைகீழாக இருக்கிறது. முதலில் முன்பணம், அடுத்து வழக்கறிஞர், பிறகு கடன், கடைசியில் சாவி வாங்கும் வாரத்தில் காப்புறுதி. அந்த நேரத்தில் கழகம் எதைச் சொன்னாலும் திரும்பிப் போக வழி கிடையாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது நல்ல வெயில் நாளில் போகாதீர்கள். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போங்கள். கீழிருந்து நாலடி வரை மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அலமாரியை நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். தரை ஓட்டைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா? மின் பிளக்குகளை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்களா? அக்கம்பக்கத்து வீடுகளின் கேட்டுக்கடியில் ஒன்றரை, இரண்டடி உயரத்துக்குச் சிமெந்துத் திட்டு கட்டியிருக்கிறார்களா? திட்டு கட்டிய தெருவில் விற்பவரிடம் வெள்ளம் வருமா என்று கேட்கத் தேவையில்லை. முனைக் கடைக்காரரிடம் ஒரு தே தாரே குடித்துக்கொண்டே விசாரித்தால் எந்த வருடம் எந்த அளவு ஏறியது என்பது வரை வந்துவிடும்.

தோட்டத்தில் வேலை செய்த நமக்கு இந்த அறிவு புதிதல்ல. கனத்த மழை பெய்த மறுநாள், “இன்னிக்குப் பள்ளக்காட்டுல வேலை இல்லே” என்று பெரட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எந்த நம்பர் காட்டில் தண்ணீர் நிற்கும், எது மேடு என்பது நமக்கு மனப்பாடம். அந்தப் பள்ளக்காடுகள் பலவும் இன்றைக்கு அழகான பெயருள்ள தாமான்களாகிவிட்டன. செம்பனையைப் பிடுங்கினாலும் பள்ளம் பள்ளம்தான்.

விற்பவர் மறைத்தால் என்ன செய்வது? பழைய வீட்டு விற்பனையில் வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதே நம் நாட்டு நடைமுறை. விற்பவர் வாய் திறக்காமல் இருப்பதே மோசடி ஆகிவிடாது. ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், தெரிந்த ஒன்றை வேண்டுமென்றே மூடி மறைப்பதை மோசடியில் சேர்க்கிறது. கேட்ட கேள்விக்குப் பொய் சொல்வதும் அப்படியே. ஆகவே கேட்க வேண்டும். அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். ‘இவ்வீட்டில் வெள்ளம் புகுந்ததில்லை, கூரை ஒழுகவில்லை’ என்று விற்பவர் உறுதி கூறும் வாசகத்தை ஒப்பந்தத்தில் போடச் சொல்லி வழக்கறிஞரிடம் கேளுங்கள். விற்பவர் அதற்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. இன்னொன்று: விற்பவரின் பழைய காப்புறுதி வீட்டோடு சேர்ந்து நமக்கு வந்துவிடும் என்று எண்ணக் கூடாது. உடைமை கைமாறினால், கழகம் சம்மதித்து எழுதிக் கொடுத்தாலன்றி அது நமக்குச் செல்லாது.

லேலோங் வீட்டில் இந்தப் பாதுகாப்புக்கூடக் கிடையாது. வீடு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே ஏலம் விடப்படுகிறது. பெரும்பாலும் உள்ளே போய்ப் பார்க்கவும் முடியாது. ஏலத்தில் எடுத்தவர் வழக்கமாகப் பத்து விழுக்காடு வரை முன்பணம் கட்டி, விளம்பரத்தில் கண்ட 90 நாள் அல்லது 120 நாள் கெடுவுக்குள் மிச்சத்தைக் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போயே போய்விடும். மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டில் கூரை ஒழுகியதா, குழாய் வெடித்ததா என்பதை வங்கியும் சொல்லாது, ஏலக்காரரும் சொல்லமாட்டார். ஏல விளம்பரத்தில் நிலத்தின் அளவு முதல் பாக்கி வரி வரை போடுகிறார்கள். வெள்ளம் புகுந்த இடமா என்பதையும் ஏன் போடக் கூடாது? கடன் கொடுத்த வங்கி அந்த வீட்டின் காப்புறுதிக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே மௌனமாக விற்பது நியாயமில்லை என்பது நம் கருத்து. தொழிற்சங்கங்கள் இதை அரசாங்கத்திடம் எழுப்ப வேண்டும்.

புது வீடு வாங்குகிறவர்களுக்கு நிலைமை சற்றுத் தேவலாம். உரிமம் பெற்ற வீடமைப்பாளர் சாவி கொடுத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் ஒழுகல், கசிவு தெரிந்தால் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 30 நாளில் அவர் செலவில் செய்து தர வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். இதற்குக் காப்புறுதியைத் தேடி ஓட வேண்டாம்.

அடுக்குமாடியில் மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் நம் சிலிங்கில் சொட்டும் கொடுமை வேறு. இதையும் இன்சூரன்சு பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது தவறு. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி நாம் எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகக் குழு ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு விதமாக நிரூபிக்கப்படும் வரை குறை மேல்வீட்டில்தான் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே மேல்வீட்டு ஆச்சியோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு முதலில் கடிதம் கொடுங்கள். அடுக்குமாடி வீடு வாங்கும் முன்பு, கட்டடத்துக்கு எடுத்த காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். பராமரிப்புப் பணம் பாதிப்பேர் கட்டாத பழைய மலிவு விலை அடுக்குகளில் இதைக் கேட்பது மிக அவசியம்.

தொகையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கடன் 75,000 வெள்ளி என்பதால் அந்தத் தொகைக்கு மட்டும் காப்புறுதி எடுத்திருக்கலாம். அதே வீட்டைத் திரும்பக் கட்ட 150,000 வெள்ளி ஆகும் என்றால், நாம் பாதி அளவுக்கே காப்புறுதி எடுத்தவர்கள். 20,000 வெள்ளி சேதம் என்றால் கையில் வருவது ஏறக்குறைய 10,000 வெள்ளிதான். திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான் எடுக்க வேண்டும். நிலத்தின் விலையை அதில் சேர்க்க வேண்டாம். மண் எங்கும் போய்விடாது.

ஏற்கெனவே ஈர வீட்டை வாங்கிக் குடியேறிவிட்டவர்கள் மனம் தளர வேண்டாம். சீர்செய்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். நாளை அட்ஜஸ்டர் வரும்போது ‘பழைய சேதம் இன்ன தேதியில் சரிசெய்யப்பட்டது’ என்று காட்டுவதற்கு அதுவே சாட்சி. முன்பு தப்பாக எழுதிய பதிலைத் திருத்தவும் தாமதிக்காதீர்கள். புதுப்பிக்கும் கடிதத்துக்குக் காத்திராமல் கழகத்துக்கு எழுதுங்கள்.

பணம் கோரி மறுக்கப்பட்டால், முதலில் கழகத்திடமே எழுத்து மூலம் மேல்முறையீடு செய்து அதன் இறுதி முடிவைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் நியாயம் இல்லை என்றால், 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையிடம் புகார் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. 250,000 வெள்ளி வரையிலான தகராறுகளை அது விசாரிக்கிறது. ஆனால் இறுதி முடிவுக் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். கடிதம் புரியவில்லை என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வாசலும் அடைபட்டுவிடும். ஆகவே கடிதத்தை அது வந்த உறையோடு சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். சந்தா பாக்கி இருக்கிறதே என்று யாரும் தயங்க வேண்டாம். அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.